சட்டிக்குக் கீழே ஒரு பச்சைப் புள்ளி

"பிள்ளை, அருள் இன்னும் வரேல்லை."

பிரிசில்லா அக்கா நாயாற்றிலிருந்து போனில் இதைச் சொன்னபோது, நான் கிளிநொச்சிக் கந்தோரில் மத்தியானச் சாப்பாட்டைப் பிரித்து முதல் வாய் வைத்திருந்தேன். அருள் என் கணவர். எங்கள் வீடு நாயாற்றில், வேலை நாளில் நான் கிளிநொச்சியில் தங்குவேன். விடியப்புறம் கடலுக்குப் போகிறவர், வெயில் ஏற முன்னம் கரை திரும்பிவிடுவார். சில நாளில் பிந்தும். மீன்பாடு நன்றாக இருந்தால் பிந்தும், எஞ்சின் முரண்டு பிடித்தாலும் பிந்தும். ஆகவே சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"மற்ற ஆக்கள் வந்திட்டினமோ அக்கா?"

"எல்லாரும் வந்திட்டினம். அருளையும் சில்வெஸ்ரரையும்தான் காணேல்லை. வானம் கறுத்துப்போய்க் கிடக்கு பிள்ளை. காத்தும் துவங்கீட்டுது."

சில்வெஸ்ரர் அண்ணை அருளோடு ஒரே படகில் தொழிலுக்குப் போகிறவர்.

"திரையிலை எங்கை காட்டுது?"

அந்தப் பக்கம் தகரக் கூரையில் மழை விழுகிற இரைச்சல் கேட்டது.

"திரையை நான் எப்பவோ நூத்துப்போட்டன். இடி இடிக்குதெல்லே. பிளக் எல்லாத்தையும் கழட்டிப்போட்டன்."

வாயில் இருந்த சோறு உள்ளே போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. அதை எப்படி விழுங்கினேன் என்று இன்றைக்கும் தெரியாது.

போன கிழமை இந்தப் பத்தியில் நான் எழுதிய கலியாணக் கதையை வாசித்துவிட்டு ஒரு வாசகி, "கடற்காரரைக் கட்டினீர்களே, பயமாக இல்லையா?" என்று கேட்டு எழுதியிருந்தார். பயம் இல்லாமலா அம்மா? நான் ஒரு பயந்தாங்கொள்ளி என்பது என்னைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். கரப்பான் பூச்சிக்குப் பயம், பஸ் வேகமாக ஓடினால் பயம், போன் நேரங்கெட்ட நேரத்தில் அடித்தால் பயம். அந்த மத்தியானத்துப் பயத்தை மட்டும் இதுவரை ஒருவருக்கும் ஒழுங்காகச் சொன்னதில்லை. இந்தக் கிழமை சொல்லிவிடுகிறேன்.

எல்லோரும் பார்க்கிற திரை

நாயாற்றில் தொழில் செய்கிறவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் தகரக் கூரை போட்ட மண்டபம், பக்கத்தில் ஒல்லியான ஓர் இரும்புக் கோபுரம். அங்கத்தவர்களின் ஒவ்வொரு படகிலும், முன்பக்க அணியத்துப் பலகையில், சாப்பாட்டுப் பெட்டி அளவில் ஒரு கருவி பொருத்தியிருக்கும். சில நிமிடத்துக்கு ஒருமுறை, தான் எங்கே நிற்கிறது என்று அது சொல்லிக்கொண்டிருக்கும். கோபுர உச்சியில் இருக்கிற பெட்டி அதைக் கேட்டு, மண்டபத்தில் இரும்பு அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கிற சேர்வருக்குக் கொடுக்கும். சேர்வர் அதைச் சுவரில் மாட்டிய பெரிய திரையில் காட்டும். நீலக் கடல், அதில் படகுக்கு ஒன்றாகப் பச்சைப் புள்ளிகள்.

அந்தச் சேர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வருஷத்தில் ஓரிரு முறை அலுமாரியைத் திறந்து தூசு தட்டுவேன். மற்றப்படி எல்லாம் கிளிநொச்சியில் இருந்தபடியே, இணையத்தினூடாகத்தான். பிரிசில்லா அக்கா சங்கத்தின் காரியதரிசி. கொம்பியூட்டர் என்றால் கும்பிட்டுவிட்டுத் தள்ளி நிற்கிறவர். மற்ற எல்லா விஷயத்திலும் சங்கம் அவருடைய கைக்குள்.

புள்ளிகள் வந்த புதுசில் பெண்களுக்குத்தான் கொண்டாட்டம். குசினி வேலையை அரைவாசியில் விட்டுவிட்டு வந்து, திரைக்கு முன்னால் கதிரை போட்டு இருப்பார்கள். "அந்தா, என்ரை மனிசன் திரும்பீட்டார்" என்று ஒருத்தி எழும்பிப் போய் உலை வைப்பாள். ஆண்களுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஏனென்று அருள்தான் எனக்கு விளங்கப்படுத்தினார்.

"நான் எந்தப் பாரிலை நிக்கிறனெண்டு ஊர் முழுக்கக் கதிரை போட்டுப் பாக்குது. நாளைக்கு விடிய நான் போறதுக்கு முன்னம் அங்கை வேறை படகுகள் நிக்கும்."

பார் என்றால் கடலடியில் இருக்கிற கற்பாறை. மீன் கூடுகிற இடம். ஒருவர் கண்டுபிடித்த பாரை மற்றவருக்குச் சொல்லமாட்டார், கூடப்பிறந்தவருக்கும் சொல்லமாட்டார். கரையில் தெரிகிற மரத்தையும் கோயிலையும் அடையாளம் வைத்து, தகப்பன் மகனுக்கு மட்டும் காட்டிக்கொடுக்கிற சங்கதி. அதைக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டினால் சும்மா இருப்பார்களா? ஆளுக்கொரு வழி கண்டுபிடித்தார்கள். ஒருவர் தகரத் துண்டு ஒன்றை வளைத்துக் கருவிக்கு மூடி செய்தார். என் மனிதர் எங்கள் குசினியிலிருந்து ஓர் அலுமினியச் சட்டியைக் கொண்டுபோனார். கருவிக்கு மேல் கவிழ்த்தால் அளவெடுத்துச் செய்தது போல இறுகி உட்காருமாம். சட்டி மூடினால் புள்ளி இல்லை. பாரை விட்டு விலகிய பிறகு சட்டியை எடுப்பார், புள்ளி திரும்ப வந்துவிடும்.

அது அம்மா எனக்கு ஆசையாக வாங்கித் தந்த புதுச் சட்டி. முதலில் அதற்குத்தான் சண்டை பிடித்தேன். பிறகுதான் மற்றதற்கு.

"நீங்கள் மூடினால் எனக்கு விளங்கும். சேர்வரிலை இடைவெளி விழும். நான் இஞ்சையிருந்து பாத்துக்கொண்டுதான் இருப்பன்" என்றேன்.

"பாருமன். நீர் பாக்கிறீரெண்டு நினைச்சுக்கொண்டே மூடுறன்" என்றார், சிரித்துக்கொண்டு. அந்தச் சிரிப்புக்கு முன்னால் எனக்கு எப்போதும் கோபம் நிற்காது.

வரம்பில்லாத இடம்

நான் பிறந்தது ஜெயபுரத்தில். ஐயாவின் ஆட்கள் குடாநாட்டிலிருந்து வந்து காடு வெட்டி வயல் செய்தவர்கள். நான் நாயாற்றில் ஒருவரை விரும்புகிறேன் என்று தெரிந்ததும் ஐயா சாப்பிடாமல் கிடந்தார். மாப்பிள்ளை வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், என்பதுதான் காரணம் என்று நினைத்தேன். அதுவும் கொஞ்சம் இருந்ததுதான். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு வேறொன்று சொன்னார்.

"வயலெண்டால் வரம்பிருக்கு பிள்ளை. ஆளைக் காணேல்லையெண்டால் வரம்பாலை நடந்து போய்ப் பாக்கலாம். கடலிலை எந்தப் பக்கத்தாலை நடந்து போய்ப் பாப்பாய்?"

அப்போது எனக்கு அது பழைய ஆட்களின் கதையாகப் பட்டது. இருபத்தைந்து வயதில் எல்லாமே பழைய ஆட்களின் கதைதான்.

ஆளைக் காணவில்லை என்கிற பயம் எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது இடம்பெயர்ந்து கொஞ்சக் காலம் உடையார்கட்டில் இருந்தோம். பதுங்குகுழிக்குள் இருட்டு. ஒவ்வொரு ஷெல்லும் விழுந்து அடங்கிய பிறகு அம்மா எங்கள் பெயர்களை வரிசையாகக் கூப்பிடுவா. கூப்பிட்டவர் "ஓம்" சொல்லவேண்டும். என் தம்பி பகிடிக்கென்று சொல்லாமல் இருப்பான். அம்மாவின் குரல் மாறும். திரும்பக் கூப்பிடுவா. அவன் சிரித்துக்கொண்டு "ஓம்" என்றதும் இருட்டில் கைக்கு எட்டிய தலையில் ஓர் அடி விழும். பெரும்பாலும் அது என் தலையாக இருக்கும்.

ஷெல் சத்தம் எப்படி இருந்தது என்று கேட்டால் இப்போது சரியாகச் சொல்ல வராது. அம்மா பெயரைக் கூப்பிட்டதற்கும் தம்பி "ஓம்" சொன்னதற்கும் இடையில் இருந்த அந்தக் கொஞ்ச நேரம் அப்படியே ஞாபகம் இருக்கிறது. யாரும் மூச்சு விடமாட்டோம்.

கதை எங்கேயோ போகிறது. பிரிசில்லா அக்கா இன்னும் போனில் நிற்கிறார்.

இடி இடித்தால் பிளக்

எங்கள் பக்கத்தில் இடி முழங்கினால் முதலில் பிளக்குகளைக் கழற்றுவோம், பிறகுதான் காயப்போட்ட உடுப்பை எடுப்போம். டீவி, குளிர்சாதனப் பெட்டி, போன் சார்ஜர் எல்லாவற்றையும் பிடுங்கி, கடைசியில் மெயின் சுவிட்ச்சையும் கீழே இறக்கிவிட்டு, இருட்டுக்குள் குந்தியிருப்போம். வன்னியில் பிறந்த எவரையும் கேட்டுப் பாருங்கள். சேர்வரின் பிளக்கைத் தொடக்கூடாது, அதற்கென்று இடிதாங்கி போட்டிருக்கிறது என்று நான் சங்கத்தில் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். "ஓம் ஓம்" என்பார்கள். அடுத்த இடிக்குக் கழற்றிவிடுவார்கள். எங்கள் வீட்டில் நானும் அதைத்தான் செய்வேன்.

பிரிசில்லா அக்காவைக் குறை சொல்லவே முடியாது. அவருடைய தமையன் கரையில் வலை திருத்திக்கொண்டு இருந்தபோது மின்னல் அடித்து, அந்த இடத்திலேயே போனவர். அக்கா பார்த்துக்கொண்டு நின்றவர்.

"தலைவர் எங்கை அக்கா?"

"அவர் ஒரு படகோடை வடக்கை போயிட்டார், முல்லைத்தீவுப் பக்கம். மற்றப் பெடியள் எந்தப் பக்கம் போறதெண்டு தெரியாமல் கரையிலை நிக்கினம்."

"அலுமாரித் திறப்பு?"

"அவரின்ரை இடுப்பிலை."

ஆக, அந்தச் சாவி இல்லாமல் சேர்வரைத் தொட ஒருவராலும் முடியாது. அக்காவின் கைக்கு எட்டுவது சுவரில் இருக்கிற பிளக்கும் மெயின் சுவிட்ச்சும்தான். எனக்கு அது போதும். கோபுரத்துப் பெட்டிக்குச் சூரியத் தகடும் தனி பேட்டரியும் உண்டு. சேர்வர் செத்துக் கிடந்தாலும் அது காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். கேட்டதைக் கொஞ்ச நேரம் தன்னிடம் வைத்திருந்து, சேர்வர் எழும்பியதும் கொடுக்கும். அருள் எந்தப் பக்கம் என்று யாருக்காவது தெரியுமென்றால் அந்தப் பெட்டிக்குத்தான் தெரியும்.

"அக்கா, பிளக்கைத் திரும்பக் குடுத்து மெயினைப் போடவேணும்."

"இடி விட்ட பிறகு போடுறன் பிள்ளை."

"இப்ப போடவேணும் அக்கா."

அந்தக் கணம் போனுக்குள் ஓர் இடி இடித்தது. கிளிநொச்சியில் நல்ல வெயில். ஜன்னலுக்கு வெளியே ஒருவர் ஐஸ்பழம் விற்றுக்கொண்டு போனார். காய்ந்த தரையில் கால் வைத்திருந்துகொண்டு, இடிக்குள் நிற்கிற ஒருத்தியை, அதுவும் அண்ணனை மின்னலுக்குக் கொடுத்தவளை, கரண்ட்டில் கை வைக்கச் சொல்கிறேன். எனக்கே என்னை நினைக்க அருவருப்பாக இருந்தது. ஆனாலும் விடவில்லை.

"அக்கா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

"என்னாலை ஏலாது பிள்ளை."

கொஞ்ச நேரத்தில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டது.

"போனை வைச்சிடாதை. நான் கதைச்சுக் கதைச்சுப் போறன். மீன் கழுவுற கையுறை போட்டிருக்கிறன். மெயின் கீழைதான் கிடக்கு. பிளக்கைக் குடுக்கிறன். குடுத்திட்டன். மாதாவே. இப்ப தள்ளி வந்திட்டன். துடுப்பு எடுத்திருக்கிறன். மீன் பெட்டிக்கு மேலை ஏறி நிண்டு, துடுப்பாலை மெயினை மேலை தட்டப் போறன்."

டொக் என்று ஒரு சத்தம்.

"போட்டன்! பிள்ளை, போட்டன்!"

பிறகு யாரோ ஓடுகிற சத்தம். அது அவர்தான், வாசல் பக்கம் ஓடிப் போயிருந்தார்.

அலுமாரிக்குள் விழித்திருப்பவர்

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை விளங்கப்படுத்த வேண்டும். பெரிய சேர்வர்களுக்குள் இன்னொரு குட்டிக் கொம்பியூட்டர் இருக்கும். சேர்வர் அணைந்து கிடந்தாலும், கரண்ட் இருக்கிறவரைக்கும் இது நித்திரை கொள்ளாது. வீட்டுக்காரர் படுத்த பிறகும் கேற்றடியில் இருக்கிற காவல்காரரைப் போல. எங்கிருந்தாவது அவரைக் கூப்பிட்டுச் சரியான பாஸ்வேட்டைச் சொன்னால், வீட்டுக்காரரை எழுப்பிவிடுவார். சேர்வருக்கு முன்னால் ஒரு திரை இருந்தால் என்ன தெரியுமோ அதைக் காட்டுவார். நாங்கள் இங்கே தட்டுகிற விசை அங்கே தட்டியதாகும். படிக்கிற காலத்தில் முகாமைத்துவக் கொன்சோல் என்று படிப்பித்தார்கள். வேலையில் எல்லோரும் கொன்சோல் என்றுதான் சொல்வோம்.

முதன்முதலில் அதைப் பாவித்தபோது உடம்பு கூசியது. ஆளில்லாத ஏதோ ஓர் அறையில், நான் சொன்னதைக் கேட்டு ஒரு மெஷின் எழும்புகிறது. பேய்க்கு வேலை சொல்வது போல இருந்தது. பிறகு பழகிவிட்டது. அன்றைக்கு அந்தப் பழைய கூச்சம் திரும்ப வந்தது.

முகவரியைத் தட்டினேன். வெள்ளைப் பக்கம். திரும்பத் தட்டினேன். வெள்ளை. அங்கே ரவுட்டர் எழும்பி, இணையம் பிடித்து, காவல்காரர் கண் விழிக்கவேண்டும். அதற்கு இவ்வளவு நேரம் எடுக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, விரல் நிற்கவில்லை.

பக்கம் வந்தது. பாஸ்வேட்டைத் தட்டினேன். பிழை. திரும்பத் தட்டினேன். அதுவும் பிழை. இன்னொரு தரம் பிழைத்தால் கொஞ்ச நேரத்துக்கு உள்ளே விடாது. பக்கத்து மேசைச் சுகந்தன் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழும்பி வந்தான்.

"அக்கா, கையை எடுத்து மடியிலை வையுங்கோ. மூச்சு விட்டிட்டு அடியுங்கோ."

கையை மடியில் வைத்தேன். சோறு ஒட்டிய கை. துடைத்துவிட்டு ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினேன். கதவு திறந்தது.

சேர்வர் அணைந்திருக்கிறது என்று காட்டியது. எழுப்பு என்றேன். நிச்சயமாகவா என்று கேட்டது. ஓம் என்றேன். கறுத்த திரை வந்தது. பிறகு வெள்ளை எழுத்துகள் ஒவ்வொன்றாக இறங்கின. பாதியில் நின்றது. கடிகார பேட்டரி பலவீனமாம், தொடர்வதற்கு ஒரு விசையை அழுத்தவேண்டுமாம். இரும்பு அலுமாரிக்குள், திறப்பு வடக்குக் கடலில், அழுத்துவதற்கு அங்கே யார் இருக்கிறார்கள்? கொன்சோல் இல்லாத சேர்வராக இருந்தால் கதை அந்த இடத்தில் முடிந்திருக்கும்.

நான் அழுத்தினேன்.

அதே நேரம் போனில் ஏதோ வெடித்தது போல ஒரு சத்தம். திரை உறைந்தது. இணைப்பு அறுந்துவிட்டது என்று ஒரு சின்னப் பெட்டி வந்து நடுவில் நின்றது. போனில் மழைச் சத்தம்கூட இல்லை.

"அக்கா?"

போனைக் காதோடு அழுத்தினேன்.

"பிரிசில்லா அக்கா!"

சுகந்தன் என் கதிரையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் ஒரே மத்தியானத்தில் இரண்டு பேரைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பது சின்னச் சொல். நம்பினேன்.

"ஓம்... ஓம் பிள்ளை. இருக்கிறன். பக்கத்துப் பனையிலை விழுந்திட்டுது. காது அடைச்சுப்போச்சு."

அவர் அழுதுகொண்டு கதைத்தார். நானும் அழுதுகொண்டுதான் கேட்டேன். கொன்சோலைத் திரும்பத் திறந்தேன். சேர்வர் என் விசையை வாங்கியிருந்தது. எழுத்துகள் கடகடவென்று இறங்கிக்கொண்டிருந்தன.

புள்ளி

நீலக் கடல் வந்தது. காலையில் போய் வந்த எல்லாப் படகுகளின் தடமும் இருந்தது. அருளுடையது ஆற்றுவாயைத் தாண்டியதும் அறுந்திருந்தது. சட்டி. காலையிலேயே மூடிவிட்டார். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. பிறகு கோபுரத்துப் பெட்டி தான் வைத்திருந்ததைக் கொடுக்கத் தொடங்கியது.

ஒரு பச்சைப் புள்ளி விழுந்தது. தெற்கே, கொக்கிளாய்ப் பக்கம், நன்றாக வெளியே. அதற்கும் தெற்கே இன்னொன்று. பிறகு இன்னொன்று. ஓடுகிற படகின் புள்ளிகள் தூரத் தூர விழும். இவை ஒட்டி ஒட்டி விழுந்திருந்தன. எஞ்சின் நின்று, நீரோட்டம் இழுத்துக்கொண்டு போகிற படகு.

"தெற்கை அக்கா! பெடியளைத் தெற்கை போகச் சொல்லுங்கோ!"

இடத்தின் எண்களைச் சொன்னேன். அக்கா திருப்பிச் சொன்னார். பிறகு மழைக்குள் கத்திக்கொண்டு கரைக்கு ஓடினார். கொஞ்ச நேரத்தில் ஆற்றுவாயிலிருந்து இரண்டு பச்சைப் புள்ளிகள் புறப்பட்டுத் தெற்கே திரும்பின.

அதற்குப் பிறகு எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. புள்ளி படகைத்தான் காட்டும். அதில் ஆள் இருக்கிறாரா என்று காட்டாது. வெறும் படகும் பச்சையாகத்தான் தெரியும். சுகந்தன் தண்ணீர் தந்தான். குடிக்க முடியவில்லை.

திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். புள்ளிகள் கொஞ்சம், பிறகு ஓர் இடைவெளி. திரும்பப் புள்ளிகள், திரும்ப இடைவெளி. முதலில் மழையால் சமிக்ஞை அறுகிறது என்று நினைத்தேன். மழை இப்படி ஒழுங்காக அறுக்காது. சட்டியை யாரோ மூடுகிறார்கள், எடுக்கிறார்கள், மூடுகிறார்கள். அலையால் அது ஏலாது. அதற்குக் கை வேண்டும்.

நீர் பாக்கிறீரெண்டு நினைச்சுக்கொண்டே மூடுறன்.

கந்தோரில் எல்லோரும் திரும்பிப் பார்க்க நான் வாய்விட்டு அழுதேன். அக்கா திரும்ப போனுக்கு வந்ததும் சொன்னேன்.

"அக்கா, அவர் எனக்குச் சொல்லுறார். நான் பாப்பனெண்டு அவருக்குத் தெரியும். சட்டியை மூடித் திறந்து, உயிரோடை இருக்கிறனெண்டு சொல்லுறார்."

அக்கா அதை அங்கே நின்ற பெண்களுக்குச் சொன்னார். அவர்கள் அழுது மாதாவைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. என் உடம்பில் இருந்த பயம் வடிந்து காலால் இறங்கியது. சாப்பாட்டுப் பார்சலை எடுத்து மிச்சச் சோற்றையும் சாப்பிட்டேன். நம்பமாட்டீர்கள், பசித்தது.

போகப் போக இடைவெளிகள் நீண்டன. "இப்ப ஆறுதலாச் சொல்லுறார். அவசரம் தீர்ந்திட்டுது போலை" என்று சுகந்தனுக்கு விளங்கப்படுத்தினேன். நீண்டு நீண்டு, கடைசியில் புள்ளி வரவே இல்லை. எங்கள் இரண்டு படகுகளும் அந்த இடத்தை நெருங்கியபோதும் அவருடையது மூடித்தான் கிடந்தது. எனக்கு அது கவலையாகப் படவில்லை. "ஆக்கள் வாறதைக் கண்டிட்டார் அக்கா. இனிப் பாரை ஒளிக்கிறார்" என்று பகிடிகூட விட்டேன். அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிறகு நீண்ட நேரம் போய் அக்கா திரும்பப் போன் எடுத்தார்.

"ரெண்டு பேரும் உயிரோடை பிள்ளை. நீ வெளிக்கிட்டு வா."

கஞ்சி

அடுத்த நாள் காலை அருள் வீட்டில் பாயில் சாய்ந்து இருந்தார். உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்து, துணி சுற்றியிருந்தது. கரண்டி பிடிக்க ஏலாது. நான் கஞ்சியை ஊதி ஊதிப் பருக்கினேன். சில்வெஸ்ரர் அண்ணை வாசலோடு ஒரு கதிரையில், போர்வையைச் சுற்றிக்கொண்டு இருந்தார். அவருக்கும் கை அப்படித்தான்.

கேட்கவேண்டும் என்று இரவு முழுக்க ஆசையாக வைத்திருந்ததைக் கேட்டேன்.

"இஞ்சருங்கோ, சேர்வர் எழும்பினது உங்களுக்கு எப்பிடித் தெரியும்? நான் பாக்கிறனெண்டு எப்பிடி நினைச்சனீங்கள்?"

"என்னத்தை?"

"சட்டியை மூடி மூடித் திறந்தனீங்களெல்லே. எனக்குச் சொல்லுறதுக்கு."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு சில்வெஸ்ரர் அண்ணையைப் பார்த்தார்.

"உமக்கென்ன விசரே? அது தண்ணி இறைச்ச சட்டி. எஞ்சின் நிண்டிட்டுது, அலை உள்ளுக்கை அடிச்சு வாளி, சாமான் எல்லாத்தையும் கொண்டு போயிட்டுது. மிஞ்சினது அந்தச் சட்டி ஒண்டுதான். ஏலாமல் வந்தால் ஓய்வம். ஓயேக்கை அது காத்திலை பறக்காமல் கருவிப் பெட்டிக்கு மேலை இறுக்கிப்போட்டு விழுந்து கிடப்பம். பிறகு எழும்பி இறைப்பம்."

நான் அடுத்த கரண்டியைக் கொடுத்தேன். அவர் வாங்கிக் குடித்தார். மூடி மூடித் திறந்தது. இடைவெளிகள் நீண்டு நீண்டு போனது. ஆறுதலாகச் சொல்கிறார் என்று நான் விளங்கப்படுத்தியது.

"கடைசியாக் கவுத்தது நான்தான் தங்கச்சி" என்றார் சில்வெஸ்ரர் அண்ணை, வாசலைப் பார்த்தபடி. "இனி எழும்புறேல்லையெண்டு தெரிஞ்சுதான் கவுத்தனான். தண்ணி நெஞ்சு மட்டுக்கு வந்திட்டுது. இவன் கண்ணை மூடீட்டான். நான் செபம் சொல்லிக்கொண்டு கிடந்தன். பிறகுதான் பெடியளின்ரை எஞ்சின் சத்தம் கேட்டுது."

நான் கிளிநொச்சியில் பகிடி விட்ட நேரம் அது. நானும் அக்காவும் சிரித்த நேரம்.

கை ஆடத் தொடங்கியது. கரண்டியைக் கோப்பைக்குள் வைத்துப் பார்த்தேன், கோப்பையும் ஆடியது. நிலத்தில் வைத்தேன். கை நிற்கவில்லை. பல்லும் அடிக்கத் தொடங்கியது.

அருள் துணி சுற்றிய கையால் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"என்ன, குளிருதே உமக்கு?" என்று கேட்டார்.